இரவுப் பணியில் ஒரு டிராகுலா

அன்புள்ள ஐயா,

பழைய திகில் படங்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, 1931ஆம் ஆண்டின் டிராகுலாவை ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் பார்த்தேன். ஸ்பானிய டப்பிங் இழுவையாக இருந்ததால் கைப்பேசியில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். நடுவில் சிறிது நேரம் படம் மங்கிவிடுகிறது. நல்ல பிரதியே கிடையாதா? ஆங்கிலப் படத்தில் டிரான்சில்வேனியக் கோட்டைக்குள் அர்மடில்லோ ஊர்கிறது; அது அமெரிக்கக் கண்டத்து விலங்கு அல்லவா? என் முக்கியமான கேள்வி இதுதான்: ஸ்பானியப் படமே மேலானது என்று பலர் சொல்கிறார்கள். நகல் எப்படி அசலை மிஞ்ச முடியும்?

ச., திருநெல்வேலி

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் கோபப்படுத்திய சொல் ‘டப்பிங்’. நீங்கள் பார்த்தது டப்பிங் படம் அல்ல. ஒருவர் வாயசைக்க இன்னொருவர் குரல் கொடுத்த வேலை அதில் பெரும்பாலும் கிடையாது. வேறு நடிகர்கள், வேறு இயக்குநர், வேறு ஒளிப்பதிவாளர் சேர்ந்து முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சிவரை ஏறக்குறைய முழுவதும் தனியாக எடுத்த நேரடிப் படம் அது. பேசும் படம் வந்த புதிதில் குரல் மாற்றும் உத்தி இன்னும் கைகூடாத காரணத்தால், வெளிநாட்டுச் சந்தையை இழக்க மனமில்லாத ஹாலிவுட் நிறுவனங்கள் ஒரே கதையைப் பல மொழிகளில் தனித்தனியாக எடுத்தன. யூனிவர்சல் நிறுவனத்தில் அந்தப் பொறுப்பை ஏற்றிருந்த பால் கோனர், பகலில் ஆங்கிலப் படத்துக்காகப் போட்ட அரங்குகள் இரவில் சும்மா கிடப்பதைப் பார்த்தார். 1930ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், மாலையில் ஆங்கிலப் படத்தின் இயக்குநர் டாட் பிரௌனிங்கின் குழு வீட்டுக்குக் கிளம்பியதும் ஸ்பானியக் குழு உள்ளே நுழைந்து விடியும்வரை வேலை செய்தது. இயக்குநர் ஜார்ஜ் மெல்ஃபோர்டுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. மொழிபெயர்க்க ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு நூற்று நான்கு நிமிடப் படத்தை எடுத்து முடித்தார்.

கதாநாயகியாக நடித்த லுபிதா தோவார், பகல் நடிகர்கள் நிற்பதற்காகத் தரையில் இட்டிருந்த அதே குறிகளின் மீதுதான் தாங்களும் நின்றதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இதைக் கேட்ட நாள் முதல் அந்தக் குறிகள் என் மனதை விட்டு அகலவில்லை, ஏனெனில் அப்படிப்பட்ட குறிகளின் மேல் நானும் மூன்று ஆண்டுகள் நின்றிருக்கிறேன்.

இளம் வயதில் ஒரு நாளிதழில் இரவுப் பணிப் பிழைதிருத்துநராக இருந்தேன். நாங்கள் இரவு எட்டரை மணிக்குப் போய் உட்காரும்போது பகல்காரர்களின் நாற்காலிகளில் சூடு இருக்கும். மேசையில் அவர்களுடைய தேநீர்க் குவளையின் வட்டக்கறை ஈரம் காயாமல் இருக்கும். அவர்கள் முடித்துவிட்டுப் போன பக்கங்கள் வெளியூர்ப் பதிப்பாக அச்சேறிய பிறகு, நகரப் பதிப்புக்காக நாங்கள் அவற்றை மறுபடி படிப்போம். எங்கள் கண்ணில் தவறுகள் பட்டுக்கொண்டே இருந்தன. அதற்குத் திறமை காரணம் அல்ல. ஒருவர் செய்து முடித்ததை அடுத்து வந்து பார்ப்பவருக்கு இயல்பாகவே கிடைக்கும் வசதி அது. தலைப்பை மாற்றுவோம், படத்தை இடம் மாற்றுவோம், யாரும் கேட்டதில்லை. ஆனால் தலையங்கத்தில் மட்டும் ஓர் எழுத்தைக்கூடத் தொடக்கூடாது என்பது ஆணை. ஒருநாள் தலையங்கத்தில் ஆண்டு ஒன்று தவறாக இருப்பதைப் பார்த்தும், ஆணைப்படியே அதை அப்படியே விட்டோம். மறுநாள் வசவு எங்களுக்குத்தான் வந்தது.

மெல்ஃபோர்டின் குழுவுக்குக் கிடைத்ததும் இதே வசதிதான். பகல் குழு எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்து, எங்கே மேம்படுத்தலாம் என்று யோசித்தே அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். டிராகுலாவின் விருந்தினராக ரென்ஃபீல்டு கோட்டைக்குள் நுழையும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் படத்தில் டிராகுலா படிக்கட்டில் நிற்பதைத் தொலைவிலிருந்து பார்க்கிறோம். ஸ்பானியப் படத்தில் கேமரா தரையிலிருந்து எழும்பிப் படிகளின் மேலாக அவரை நோக்கிப் போகிறது. கண்ணாடிக் காட்சியிலும் அப்படித்தான். தன் பிம்பம் விழாத கண்ணாடியை, ஆங்கிலப் படத்தில் டிராகுலாவாக வரும் பேலா லுகோசி கையால் தட்டிவிடுகிறார். ஸ்பானியப் படத்து டிராகுலாப் பிரபு கைத்தடியால் ஓங்கி அடித்து நொறுக்குகிறார். ஆங்கிலப் படம் ரத்தக் காட்டேரியாகிவிட்ட லூசியை நடுவழியில் மறந்துவிடுகிறது. இந்தப் படம் லூசியாவின் முடிவைச் சொல்லிவிட்டே நகர்கிறது. ஏறக்குறைய அரை மணி நேரக் கூடுதல் நீளம் இப்படிப்பட்ட இடங்களில் செலவாகியிருக்கிறது. அதைத்தான் நீங்கள் இழுவை என்கிறீர்கள். முகப்பு எழுத்துகளோடு வரும் ‘அன்னப்பறவை ஏரி’ இசைத்துண்டு முடிந்த பிறகு இசையே அபூர்வமாகிவிடுகிற, மௌனத்தையே நம்பி எடுக்கப்பட்ட ஒரு படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பதற்குப் பதிலாக, கதைச் சுருக்கத்தை நாலு வரியில் படித்துவிட்டுத் தூங்கியிருக்கலாம். கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் வயதில் நானும் அவசரக்காரன்தான்.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஸ்பானியப் படம் மேலானது என்ற கட்சியில் நான் சேரமாட்டேன். சேராததற்குக் காரணம் ஒரே ஒரு மனிதர், டிராகுலாவாக நடித்த கார்லோஸ் வில்லாரியாஸ். அந்தக் குழுவில் மற்ற எல்லோரும் தத்தம் வழியில் நடிக்கலாம் என்றிருந்தபோது, அவர் ஒருவரிடம் மட்டும் லுகோசி நடித்த காட்சிகளைப் போட்டுக்காட்டி அவரைப் போலவே செய்யச் சொன்னார்கள். ரென்ஃபீல்டாக வரும் பாப்லோ ஆல்வாரெஸ் ரூபியோவைப் பாருங்கள்: அவருடைய சிரிப்பும் அலறலும் யாரிடமும் கடன் வாங்கியவை அல்ல, பைத்தியம் அவருக்குள்ளிருந்தே கிளம்புகிறது. லுபிதா தோவாரின் ஏவாவும் ஆங்கிலப் படத்து மீனாவைவிட உயிருள்ள பெண். வில்லாரியாஸ் மட்டும் கண்களை அகல விரித்து, புருவத்தை உயர்த்தி, பல் தெரியச் சிரித்து, இன்னொருவரின் முகத்தைத் தன் முகத்தில் மாட்டிக்கொள்ளப் பாடுபடுகிறார். அவர் மோசமான நடிகர் என்று நான் சொல்லவில்லை. தலையங்கத்தைத் தொடாதே என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள்.

சரியாகச் சொன்னால், அவரிடம் நகலெடுக்கச் சொன்னது நகலெடுக்கவே முடியாத ஒன்றை. லுகோசி ஹங்கேரியர். 1927இல் பிராட்வே மேடையில் டிராகுலாவாக நடித்தபோது அவருக்கு ஆங்கிலம் இன்னும் சரியாகப் படிந்திருக்கவில்லை. சொற்களுக்கு நடுவே அவர் விடும் இடைவெளியும், அழுத்தக் கூடாத அசையில் விழும் அழுத்தமும் ஒரு நடிகர் யோசித்துக் கண்டுபிடித்த பாணி என்பதைவிட, அந்நிய மொழிக்குள் தட்டுத்தடுமாறி நடக்கிற ஒருவரின் நடை என்றே சொல்ல வேண்டும். லண்டனுக்கு வந்திறங்கும் டிரான்சில்வேனியப் பிரபு அந்த ஊரில் அந்நியர்; லுகோசி வாய் திறந்த மறுகணமே அது நமக்குத் தெரிந்துவிடுகிறது. வில்லாரியாஸோ ஸ்பெயின் நாட்டின் கோர்தோபாவில் பிறந்தவர். தாய்மொழியில் சரளமாகப் பேசுகிறார். அவரைச் சுற்றிலும் மெக்சிகோக்காரர், அர்ஜென்டினாக்காரர், ஸ்பெயின்காரர் என்று ஆளுக்கொரு உச்சரிப்பில் பேசுகிறார்கள். இப்படி எல்லோருமே ஒருவருக்கொருவர் வேற்றூர்க்காரர்களாக இருக்கும் வீட்டில், உண்மையான அந்நியனை எப்படிக் கண்டுபிடிப்பது? அதே 1931இல் நம் ஊரில் வெளிவந்த ‘காளிதாஸ்’ படத்தில் நாயகி தமிழிலும் நாயகன் தெலுங்கிலும் பேசினார்கள். அதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஹாலிவுட்டின் இந்தக் கதம்பத்தையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

விருந்தினருக்கு மது ஊற்றிக் கொடுத்துவிட்டு லுகோசி சொல்லும் புகழ்பெற்ற வசனம் உங்களுக்கு நினைவிருக்கும். “நான் ஒருபோதும் குடிப்பதில்லை” என்று சொல்லி நிறுத்துகிறார். ரென்ஃபீல்டுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருப்பதால் அந்த நிறுத்தத்தில் நமக்குச் சிலிர்க்கிறது. அதற்குப் பிறகே “ஒயின்” என்கிறார். தமிழில் எழுதிப் பாருங்கள். வினைமுற்று கடைசியில் வரும் நம் மொழியில் ‘நான் ஒயின்’ என்ற இடத்தில் நிறுத்தினால் திகிலுக்குப் பதில் சிரிப்பு வரும். துணைவசனம் எழுதுகிறவர்கள் இந்த ஒரு வரியில் படும் பாட்டை நினைத்தால் எனக்கு அவர்கள்மேல் பரிவு உண்டாகிறது.

நகல், அசல் என்ற உங்கள் கேள்வியை விட்டு எங்கோ வந்துவிட்டேன்.

படம் மங்குவதைப் பற்றி: அமெரிக்காவில் எஞ்சியிருந்த சுருள்களில் மூன்றாவது சுருள் சிதைந்துபோயிருந்தது. அந்தப் பகுதி முழுதாக இருந்த ஒரே இடம் ஹவானாவின் திரைப்படக் காப்பகம். அங்கிருந்த பிரதியைக் கொண்டு குறையை நிரப்பி, 1992இல் வீடியோவாக வெளியிட்டார்கள். உங்களுக்குக் கிடைத்தது பழைய பிரதியாக இருக்க வேண்டும். கியூபாவின் புழுக்கத்தில் அறுபது ஆண்டுகள் தாக்குப்பிடித்த சுருளிடம் பளபளப்பு இல்லையே என்று குறைப்பட்டுக்கொள்வது நியாயமா? அந்த வீடியோவில் படத்தை அறிமுகப்படுத்திப் பேசியவர் லுபிதா தோவார். அவர் 1932இல் பால் கோனரையே மணந்துகொண்டார். 2016இல், தமது 106ஆவது வயதில் காலமானார்.

படத்தை மறுபடியும் பாருங்கள், இரவில், சரியான வேகத்தில். இந்த முறை வில்லாரியாஸ் வரும்போது அவருடைய விழிகளைப் பார்க்காமல் கைகளைக் கவனியுங்கள். கைகளை லுகோசியைப் போல மடக்க வேண்டும் என்பதைச் சில இடங்களில் அவர் மறந்துவிடுகிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தச் சில நொடிகளில் அவர் என்னைப் பயமுறுத்துகிறார். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் எழுதுங்கள். அர்மடில்லோவைப் பற்றி மட்டும் வேண்டாம்.

அன்புடன்