மனநோய் மாத்திரையும் கைக்கடக்கமான ஈசிஜியும்: கேளுங்க, சொல்றேன்

நான் இங்கிலாந்துல மனநல நர்ஸ். வீடு வீடா போய் ஆன்டிசைக்காட்டிக், அதாவது கடுமையான மனநோய்க்கான மாத்திரை, எடுக்குறவங்களுக்கு கைக்கடக்கமான ஒரு குட்டி மெஷின்ல ஈசிஜி பாக்குறதும் என் வேலைதான். டாக்டர் இல்ல, அதனால டோஸ் மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.

கேள்வி: தம்பிக்கு ஹாலோபெரிடால் ஆரம்பிக்கிறாங்க. மனசுக்கு மாத்திரை, ஹார்ட்டுக்கு எதுக்கு சிஸ்டர் டெஸ்ட்?

பதில்: ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் ஹார்ட்ல கரண்ட் அடங்கி அடுத்ததுக்கு ரெடியாகணும்ல, அந்த நேரம் ஈசிஜில கியூடிங்கிற அளவுக்குள்ள வரும். சில மாத்திரை அத இழுத்து விட்டுடும். துடிப்பு வேகத்துக்கு சரிபண்ணின கணக்கு கியூடிசி, அது 500 மில்லிசெகண்ட தாண்டினா துடிப்பு கன்னாபின்னான்னு ஓடி ஆள் மயங்கி விழலாம், உயிரே போகலாம். தியோரிடசின்னு ஒரு பழைய மாத்திரைய இந்த பிரச்சனையாலதான் 2005ல கம்பெனி நிறுத்துச்சு. அரிப்பிப்ரசோல், லுராசிடோன்ல இந்த ரிஸ்க் கம்மி. ஹாலோபெரிடாலுக்கு பாத்தே ஆகணும்.

கேள்வி: ஆஸ்பத்திரில 12 லீட் (லீட்னா ஹார்ட்ட பாக்குற ஒரு கோணம்) ஈசிஜி இருக்கே, இந்த குட்டி மெஷின் எதுக்கு?

பதில்: தன்னை யாரோ ஒட்டுக் கேக்குறாங்கன்னு பயந்துக்கிட்டு இருக்கிறவர்கிட்ட போய், சட்டைய கழட்டுங்க, நெஞ்சுல ஒயர் மாட்டணும்னு சொல்லிப் பாருங்க! எனக்கு ஒருத்தர் ஒரு வருஷமா மாட்டேன்னே சொல்லிட்டு இருந்தார். கார்டியாமொபைல் 6எல் சூயிங்கம் பாக்கெட் அளவுதான், மேல ரெண்டு தகடு, அடியில ஒண்ணு. பேண்ட்ட முட்டிக்கு மேல சுருட்டி, மெஷின இடது முட்டித் தோல்ல வச்சு, மேல ரெண்டு கட்டைவிரல், 30 செகண்ட், டிவிய பாத்துக்கிட்டே குடுத்துட்டார். இதே உபயோகத்துக்குத்தான் இங்க மருந்து, மெஷின மதிப்பிடுற நைஸ் (NICE) அமைப்பு 2023ல இத மதிப்பீடு பண்ணுச்சு. ஆனா நெஞ்சுப் பக்க லீட் இதுல கிடையாது, நெஞ்சு வலின்னா இத நம்பி உக்காராதீங்க.

கேள்வி: அப்பாவுக்கு மாத்திரையால கை நடுங்குது, கோடு பூரா கிறுக்கலா வருது.

பதில்: முழங்கைய தலகாணி மேல வைங்க, விரல லேசா ஈரம் பண்ணுங்க, அழுத்திப் பிடிக்க வேண்டாம், போன் சார்ஜர்ல இருந்தா கழட்டிடுங்க. அப்பவும் வரலன்னா 12 லீட்தான்.

கேள்வி: ஆப்ல நார்மல்னு வந்துடுச்சு, போதும்ல?

பதில்: இதுலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. அந்த நார்மல் துடிப்போட தாளத்துக்கு மட்டும், கியூடிக்கு இல்ல. கோட்ட பிடிஎஃப்பா அனுப்பி தெரிஞ்சவங்க அளக்கணும். சின்ன கட்டம் ஒண்ணு 40 மில்லிசெகண்ட், ஒரு துடிப்போட கோட்டுல கியூங்கிற முதல் சின்ன இறக்கம் ஆரம்பத்துல இருந்து கடைசியில வர்ற டி அலைங்கிற மேடு முடியிற வரைக்கும் பத்து கட்டம்னா 400. க்ளோசபின்னு இன்னொரு மனநோய் மாத்திரை எடுக்குறவங்களுக்கு துடிப்பு நிமிஷத்துக்கு 100ஐ தாண்டுறது சகஜம், அப்ப கியூடிசிக்கு வழக்கமா போடுற பசெட் கணக்கு போட்டா இல்லாத நீளத்த காட்டும், ஃப்ரிடெரிசியான்னு இன்னொரு கணக்குல பாக்க சொல்லுங்க.

கேள்வி: ஸ்மார்ட்வாட்ச் போதாதா?

பதில்: அதுல ஒரே லீட். டி அலை அதுல படுத்துக் கிடந்தா எங்க முடியுதுன்னே தெரியாது. 6எல்ல ஆறு லீட் இருக்கு.

கேள்வி: அக்கா, அண்ணனுக்கு கியூடிசி 480 வந்துச்சு, பயந்து நேத்துல இருந்து மாத்திரைய நிறுத்திட்டோம்.

பதில்: ஐயோ, நீங்களா நிறுத்தக் கூடாதுப்பா, நோய் திரும்பினா அது வேற ஆபத்து. இன்னைக்கே டாக்டருக்கு போன் போடு. ஆம்பளைக்கு 440, பொம்பளைக்கு 470க்கு மேலன்னா கவனிக்கணும், 480 அதிகம்தான், ஆனா காரணம் அந்த மாத்திரை மட்டும்தான்னு சொல்ல முடியாது. வேற ஏதாவது குடுத்தீங்களா? வாந்தி பேதி?

கேள்வி: ஆமாக்கா, போன வாரம் ரெண்டு நாள் பேதி. வாந்திக்கு ஒண்டான்செட்ரான், அப்புறம் அசித்ரோமைசின்னு ஒரு ஆன்டிபயாட்டிக்.

பதில்: பாரு! ரெண்டுமே கியூடிய நீட்டுற மாத்திரை, பேதில பொட்டாசியம் வேற இறங்கியிருக்கும். டாக்டர்கிட்ட முதல்ல இத சொல்லு, பொட்டாசியம், மெக்னீசியம் பாக்கணுமான்னு கேளு. நடுவுல மயக்கம் வந்தா மெஷின தேடிக்கிட்டு நிக்காத, இந்தியாவுலன்னா 108 போடு.