இரவு பத்தரை மணி

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நான் மதுரையில் வசிக்கிறேன். வயது 26. பொறியியல் முடித்து, ஓராண்டு ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, மூன்று ஆண்டுகளாக அரசுப் பணித் தேர்வுகளுக்குப் படித்துவருகிறேன். படித்துவருகிறேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. கல்லூரி இரண்டாம் ஆண்டில் விடுதி நண்பர்கள் மூவருடன் சேர்ந்து கைப்பேசியில் ஆடத் தொடங்கிய சுடும் விளையாட்டு, ஊரடங்குக் காலத்தில் என் நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தபோது அந்த விளையாட்டும் போயிற்று. தப்பித்தோம் என்று நினைத்தேன். ஒரு வாரத்துக்குள் நால்வரும் வேறொரு விளையாட்டுக்கு மாறியிருந்தோம்.

இப்போது இரவு பத்தரைக்குத் தொடங்கினால் முடிக்க மூன்று, மூன்றரை ஆகிவிடுகிறது. காலையில் பத்து மணிக்கு மேல்தான் எழுகிறேன். விளையாட்டில் துப்பாக்கிகளுக்கும் உடைகளுக்குமாக இதுவரை பதினெட்டாயிரம் ரூபாய் செலவழித்திருக்கிறேன். அதில் பாதி, பயிற்சி வகுப்புக்காக அம்மா கொடுத்தது. செயலியை ஏழு முறை அழித்துவிட்டேன். இருபத்தொரு நாள் விட்டால் பழக்கம் போய்விடும் என்று ஒரு காணொளியில் கேட்டு, நாட்காட்டியில் குறித்துக்கொண்டே வந்தேன். ஒன்பதாம் நாள் துபாயில் இருக்கும் நண்பன் 'ஒரே ஒரு மேட்ச்' என்று அழைத்தான். அன்று விடியும்வரை ஆடினேன். மனவுறுதி இல்லாதவன் என்று என்னை நானே வெறுக்கிறேன். இதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறதா?

ச., மதுரை

அன்புள்ள ச.,

வழி இருக்கிறது. நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள் என்றே நம்புகிறேன், ஏனென்றால் அம்மா கொடுத்த பணத்தைப் பற்றிய வரியை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதை எழுத முடிந்த ஒருவரை மனவுறுதி இல்லாதவர் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது, 2020 தடையைப் பற்றி நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன இடத்தைத்தான். அன்று அரசாங்கமே உங்கள் கைப்பேசியிலிருந்து அந்த விளையாட்டைப் பிடுங்கிவிட்டது. உங்கள் மனவுறுதிக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. அப்படியும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை என்றால், போனது விளையாட்டு மட்டும்தான் என்று பொருள். இரவு பத்தரை மணி அப்படியே இருந்தது. அந்த நேரத்தில் நீங்கள் எதைத் தேடிப் போனீர்களோ அதற்கான பசியும் அப்படியே இருந்தது. விளையாட்டை எப்படி விடுவது என்று ஏழு முறை முயன்றுவிட்டீர்கள். அந்த நேரத்துக்கு என்ன செய்வது என்று ஒரு முறையாவது யோசித்தீர்களா என்பதுதான் நான் உங்களிடம் கேட்க விரும்பும் கேள்வி.

எனக்கும் இப்படி ஒரு காலம் இருந்தது. 2003-இல் திருச்சியில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், நான் தங்கியிருந்த தெருமுனையில் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. கோட்டை கட்டிப் படை திரட்டும் ஒரு விளையாட்டை அங்கே எட்டு மாதம் ஆடினேன். சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசில் ஆடியிருக்கிறேன். ஆனால் இரவு பதினொரு மணி ஆனதும் கடைக்காரர் எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்குவார். தகரம் உருளும் அந்தச் சத்தம் கேட்டதும் வரிசையாக உட்கார்ந்திருந்த நாங்கள் அத்தனை பேரும் தலையைத் தூக்குவோம்; யாருடைய கோட்டை எந்த நிலையில் இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் குனிந்து வெளியேறித் தெருவுக்கு வந்தாக வேண்டும். என்னை அன்று காப்பாற்றியது என் குணம் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. அந்த ஷட்டர்தான் காப்பாற்றியது. உங்கள் கையில் இருக்கும் கடைக்கு ஷட்டர் கிடையாது.

அரசாங்கங்களும் ஷட்டர் போட்டுப் பார்த்திருக்கின்றன. தென்கொரியாவில் 2011-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டு முதல் காலை ஆறு மணிவரை இணைய விளையாட்டு கிடையாது. கணினிக்கு எழுதிய சட்டம் அது. பிள்ளைகள் கைப்பேசிக்கு மாறிவிட்டார்கள். 2022 தொடக்கத்தில் அதைக் கைவிட்டார்கள். சீனா 2021-இல் இன்னும் இறுக்கி, வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் மட்டும் இரவு எட்டு முதல் ஒன்பது வரை ஒரு மணி நேரம் என்று வைத்தது. இவையெல்லாம் சிறார்களுக்கானவை. இருபத்தாறு வயதுக்காரருக்கு எந்த நாடும் ஷட்டர் இறக்கப் போவதில்லை.

அந்த விளையாட்டு உங்களை எப்படிப் பிடித்துவைத்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது, உங்களை நீங்களே வெறுப்பதைவிடப் பயனுள்ளது. நூறு பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள். நால்வர் நால்வராக இருபத்தைந்து அணிகள், வெல்வது ஒன்று. எந்த வீட்டின் மாடியில் நல்ல துப்பாக்கி கிடைக்கும், உயிரோடு நிற்க இடம் தரும் வட்டம் எந்தப் பக்கம் சுருங்கும் என்று இறங்கும்வரை யாருக்கும் தெரியாது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகளில் இதே அமைப்புதான் இருந்தது. எத்தனை கொத்துக்கு ஒரு முறை தானியம் விழும் என்று தெரியாத புறா மற்றவற்றைவிட விடாமல் கொத்தியது. தானியத்தை அடியோடு நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருந்தது. அந்தப் புறாவுக்கு மனவுறுதி குறைவு என்று யாரும் சொல்வதில்லை. இதோடு, கடைசி மூன்று அணிக்குள் வந்து தோற்பது என்ற ஒன்றும் இருக்கிறது. முதல் நிமிடத்திலேயே செத்தவனைவிட அப்படித் தோற்றவன்தான் உடனே அடுத்த ஆட்டத்துக்குப் போவான். இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சில வாரங்களுக்கு ஒருமுறை பருவம் முடிந்து, ஏறிய தரவரிசை மீண்டும் கீழே இறக்கப்படுவதும் தற்செயலாக நடப்பதன்று.

செயலியை ஏழு முறை அழித்தும் பயனில்லாமல் போனதற்கும் எளிய காரணம் உண்டு. உங்கள் தரவரிசை, துப்பாக்கிகள், அந்தப் பதினெட்டாயிரம் ரூபாய் உடைகள் எவையும் உங்கள் கைப்பேசியில் இல்லை. நிறுவனத்தின் கணினியில் உங்கள் கணக்கில் பத்திரமாக இருக்கின்றன. மறுபடி பதிவிறக்கம் செய்த சில நிமிடங்களில் எல்லாம் பழையபடி உங்கள் முன் நிற்கும். ஆகவே நீக்குவதாக இருந்தால் கணக்கையே நீக்கக் கோருங்கள். பணம் வீணாகிறதே என்று கை நடுங்கும். அந்தப் பணம் செலவழிந்த அன்றே போய்விட்டது. அம்மாவிடம் அதை ஒரு நாள் நீங்களே சொல்லிவிடுங்கள் என்பதற்கு மேல் அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

இதற்கு அடுத்ததாக நான் சொல்ல வருவதுதான் உங்கள் வாழ்க்கையின் நடுப்புள்ளி என்று நினைக்கிறேன். நீங்கள் மூன்று ஆண்டுகளாக ஒரு முடிவுக்காகக் காத்திருக்கிறீர்கள். அறிவிப்பு வர வேண்டும், விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு நடக்க வேண்டும், முடிவு வர வேண்டும், பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு. இன்று ஆறு மணி நேரம் படித்தவருக்கும் இன்று ஒரு பக்கமும் திருப்பாதவருக்கும் இன்றிரவு கிடைப்பது ஒன்றுதான்: எதுவுமில்லை. ஊரில் எதிரே வருகிறவர்கள் 'இன்னும் படிச்சிட்டுத்தான் இருக்கியா' என்று கேட்கிறார்கள். விளையாட்டிலோ, அரை மணி நேரத்தில் முடிவு வந்துவிடுகிறது; நீங்கள் எத்தனை பேரை வீழ்த்தினீர்கள், எத்தனையாவது இடம், எத்தனை புள்ளி ஏறியது என்று உங்கள் பெயர் போட்டுக் காட்டுகிறது. திறமையும் உழைப்பும் உள்ள ஒரு இளைஞர், தன் உழைப்புக்கு உடனே விடை சொல்லும் ஒரே இடத்துக்கு இரவுதோறும் போவதில் எனக்கு வியப்பில்லை. என் வருத்தமெல்லாம், பகலில் அவருக்கு விடை சொல்ல யாரும் இல்லையே என்பதுதான்.

ஆகவே படிப்பை விடை சொல்ல வையுங்கள். குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். தினமும் முந்தைய ஆண்டு வினாத்தாளிலிருந்து 50 கேள்விகளை எடுத்து, கடிகாரத்தை எதிரே வைத்து 45 நிமிடத்தில் முடித்து, அங்கேயே திருத்தி, மதிப்பெண்ணை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதுங்கள். 31 வந்தால் 31 என்று எழுதுங்கள். இதை வீட்டில் செய்யாதீர்கள். உங்கள் ஊரில் நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உங்களைப் போலவே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவருடன் நோட்டை மாற்றித் திருத்திக்கொண்டால் இன்னும் நல்லது. எதிரே ஒருவர் இருப்பது எவ்வளவு இழுக்கும் என்பது உங்களுக்குப் புதிதல்லவே.

இருபத்தொரு நாள் கணக்கை மறந்துவிடுங்கள். அது 1960-இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை மருத்துவர் எழுதியதிலிருந்து கிளம்பியது. மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்று அவர் கவனித்தார். அது கைமாறிக் கைமாறி எல்லாப் பழக்கங்களுக்கும் விதியாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்துச் செய்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கத் தொடங்குவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை மாறியது. அதே ஆய்வில் உங்களுக்கு இன்னும் தேவையான ஒரு செய்தி உண்டு: நடுவில் ஒரு நாள் தவறியது, பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. ஒன்பதாம் நாள் நீங்கள் ஆடிய இரவு அந்த எட்டு நாட்களை அழித்துவிடவில்லை. பத்தாம் நாள் நாட்காட்டியில் குறிப்பதை நிறுத்தியிருந்தால், அதுதான் அழித்தது.

இது நோயா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு 2019-இல் ஏற்கப்பட்டு, 2022 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றையும்விட அது முன்னுக்கு வருவது, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும், பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடித்து, வாழ்க்கையைக் கடுமையாகப் பாதித்தால்தான் அந்தப் பெயர். விளையாடுகிறவர்களில் பெரும்பாலானோர் அதற்குள் வரமாட்டார்கள். நீங்கள் வருகிறீர்களா என்பதை ஒரு மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நான் மருத்துவர் அல்லன். ஆனால் 'என்னை நானே வெறுக்கிறேன்' என்ற வரியைப் படித்த பிறகு, நீங்கள் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்தவே செய்வேன். மனச்சோர்வு முதலில் வந்து, அதிலிருந்து ஒளிந்துகொள்ள விளையாட்டு பின்னால் வருவதும் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416-ஐ அழையுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண், எந்நேரமும் இயங்குவது, கட்டணமில்லாதது, தமிழில் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014-இலிருந்தே இதற்கென்று ஒரு தனிச் சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. இத்தனை பேர் இதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் நீங்கள் ஒருவர் மட்டும் விழுந்த குழி அன்று இது.

இனி இரவு பத்தரை. இன்றைக்கே ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிவிடுங்கள். கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ள இருக்கும் ஒரே சாக்கும் அதோடு போய்விடும். சார்ஜரைக் கூடத்தில் மாட்டுங்கள். பத்து மணிக்குக் கைப்பேசியை அங்கே செருகிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொல்லாதீர்கள். அவர் காவலாளியாகிவிட்டால் நள்ளிரவில் நீங்கள் சண்டை போடப் போவதும் அவரிடம்தான். தூக்கம் வராது. முதல் இரண்டு மூன்று வாரம் எரிச்சல் வரும், எதிலும் ருசி இருக்காது, கை தானாகத் தலையணைக்கு அடியில் போய்த் தேடும். தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும் காலை ஆறு மணிக்கு எழுந்து வெளியே நடந்துவிட்டு வாருங்கள். சில நாட்களில் உடம்பே இரவு பதினொரு மணிக்கு உங்களைப் படுக்கவைக்கும்.

கடைசியாக, அந்த மூன்று நண்பர்கள். நீங்கள் விளையாட்டை விட அஞ்சுவதற்கு அவர்கள்தான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது, நீங்கள் அதை எழுதவில்லை என்றாலும். விடுதி அறை கலைந்த பிறகு நால்வரும் ஒன்றாக இருக்கும் ஒரே இடம் அந்தத் தீவுதான். ஒருவர் காதில் ஒருவர் பேசிக்கொண்டு, ஒருவர் விழுந்தால் மற்றவர் ஓடிப்போய்த் தூக்கிவிட்டு நான்கு மணி நேரம் இருப்பது சின்ன விஷயமில்லை. அதை இழக்காதீர்கள். அணியிலிருந்து சொல்லாமல் மறைந்து போகாமல், என்ன நடக்கிறது என்று அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அம்மாவின் பணம் உட்பட. துபாயில் இருப்பவரிடமிருந்து தொடங்குங்கள். அன்று அவர் உங்களை அழைத்தபோது அவருக்கும் துபாய் அறையில் பேச ஆளில்லாமல் இருந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு நீங்களே அழையுங்கள். அங்கே மணி ஏழரை ஆகியிருக்கும்.