அம்மாவுக்கு மறதி நோய் இருந்தால் எனக்கும் வருமா? தடுக்க என்ன சாப்பிடலாம்?

கேட்டிருப்பவருக்கு 47 வயது. அம்மாவுக்கு 74 வயதில் அல்சைமர் வகை மறதி நோய் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். தனக்கும் வருமா, வராமலிருக்க என்ன சாப்பிட வேண்டும், அம்மாவுக்கு வல்லாரை கொடுக்கலாமா என்று மூன்று கேள்விகள்.

நான் பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மருந்தாளுநர்தான், மருத்துவர் அல்ல. நடுக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடையில் நான் அடிக்கடி கேட்பது அதைத்தான். "அண்ணாச்சி, ஞாபக சக்திக்கு நல்லதாக ஒன்று எடுங்கள்." எடுத்துக் கொடுக்க அலமாரியில் நிறைய இருக்கிறது, லாபமும் மோசமில்லை. ஆனால் மறதி நோயைத் தடுக்கும் என்று நிரூபணமான மாத்திரையோ டானிக்கோ லேகியமோ இன்றுவரை கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பி, ஈ வைட்டமின்களையும் ஒமேகா-3 மாத்திரைகளையும் இதற்காகப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். ஞாபக கேப்சூலுக்குப் பணத்தை எண்ணி வைக்கும் அதே ஆள், "தலைசுற்றல்தான் இல்லையே" என்று பிரஷர் மாத்திரையைப் பாதி அட்டையோடு நிறுத்தியிருப்பார். மூளையைக் காக்க அவர் கையில் இருந்த உண்மையான மருந்து அந்த மீதிப் பாதி அட்டைதான்.

இனி முதல் கேள்வி. 65 வயதுக்கு முன்பே தாக்கி, குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வகை மிக அரிது. 74 வயதில் வந்தது அந்த வகையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து ஓரளவு கூடும் என்பது உண்மை. ஏபிஓஇ-4 என்ற மரபணு வடிவம் அதற்கு ஒரு காரணம். அதைச் சுமப்பவர்களிலும் பலருக்குக் கடைசிவரை நோய் வருவதில்லை. ஆகவே 'எழுதிவைத்த விதி' என்று உட்கார்ந்துவிட வேண்டாம். இந்த நோயில் மூளைக்குள் மாற்றங்கள் அறிகுறி தெரிவதற்குப் பத்து, இருபது ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகின்றன. கேட்க வேண்டிய வயதில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு 2024இல் 14 காரணிகளைப் பட்டியலிட்டது. இவை அனைத்தையும் சரிசெய்தால் உலகில் மறதி நோய்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணிப்பு. இது மக்கள்தொகை முழுவதற்குமான கணக்கு. தனி ஒருவருக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் நமக்குத் தெரிந்த பழைய எதிரிகள்: ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகை, மது, அசையாத உடம்பு, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு, இளமையில் கல்வி கிடைக்காமை, சரிசெய்யப்படாத பார்வைக் குறைவு. மீதமிருப்பது காது. அந்தக் காதும் எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பும்தான் தலா 7 சதவீதத்தோடு பட்டியலில் முதலிடத்தில் நிற்கின்றன.

காதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அதை யாரும் நோயாகவே எண்ணுவதில்லை. கண்ணாடி மாட்டினால் படித்தவர் என்கிறோம். 'காது மெஷின்' மாட்டினால் செவிடு என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் என்ற பெண்மணி 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே காதுகேளாத குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கிய ஊர் பாளையங்கோட்டை. இங்கேயே இந்த வெட்கம் இருக்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு. கடைக்கு வரும் ஆச்சிமார் சிலரிடம் "காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்று சொன்னால் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டிருக்காது. வீட்டிலும் அப்படியே தலையாட்டுவார்கள். பிறகு பேச்சில் கலந்துகொள்வதைக் குறைப்பார்கள், கல்யாண வீட்டில் ஓர் ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். "ஆச்சிக்கு இப்போதெல்லாம் ஒன்றும் ஞாபகம் இல்லை" என்று பேரப்பிள்ளைகள் சொல்லும்போது, அதில் பாதி காது, பாதிதான் மூளை என்று எனக்குத் தோன்றும்.

காது மந்தமானால் மூளை ஏன் பாதிக்கப்படுகிறது என்பதற்குச் சில விளக்கங்கள் உண்டு. அரைகுறையாக விழும் சொல்லைப் புரிந்துகொள்ளவே மூளை தன் தெம்பைச் செலவழிக்கிறது, நினைவில் நிறுத்த மிச்சமிருப்பதில்லை. ஒலி வராததால் அதற்கான பகுதிகளுக்கு வேலை குறைகிறது. ஆட்களோடு பழகுவதும் குறைகிறது. அமெரிக்காவில் 977 முதியவர்களிடம் நடத்திய 'அச்சீவ்' ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் கேட்கும் கருவியால் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த பிரிவினரிடம், மூன்று ஆண்டுகளில் சிந்தனைத் திறன் குறையும் வேகம் 48 சதவீதம் தணிந்தது. இதை வைத்து 'காது மெஷின் அல்சைமரைத் தடுக்கும்' என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். கேட்காத காதைக் கேட்க வைப்பதில் இழப்பு ஒன்றுமில்லை என்பதே என் கட்சி.

எங்கே போவது என்றால், ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. முதலில் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்; சிலருக்கு அதோடே பிரச்சினை தீர்ந்துவிடும். பிறகு கேட்கும் திறன் பரிசோதனை. பரிசோதனை இல்லாமல் இணையத்தில் வரவழைக்கும் மலிவான கருவி எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெருக்கும். அது சீக்கிரமே அலமாரிக்குள் போய்விடும். நல்ல கருவியும் தொடக்கத்தில் எரிச்சல்தான் தரும். மிக்ஸி, பாத்திரம், தெருவில் போகும் ஆட்டோ எல்லாம் தலைக்குள் இரைவது போல இருக்கும். அமைதியான நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழக்க வேண்டும்.

அடுத்தது ரத்த அழுத்தம். 2019இல் வெளிவந்த 'ஸ்பிரிண்ட் மைண்ட்' ஆய்வில், மேல் அளவை 140க்குக் கீழே வைத்தவர்களைவிட 120க்குக் கீழே கொண்டுவந்தவர்களுக்கு லேசான சிந்தனைத் திறன் குறைபாடு 19 சதவீதம் குறைவாக வந்தது. முழு மறதி நோய் குறைந்ததா என்பதை அந்த ஆய்வால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உங்களுக்கு எந்த அளவு சரி என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நடுவயதிலேயே அளந்து பார்ப்பது உங்கள் வேலை. 47 வயதில் பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள் இந்த ஊரில் ஏராளம். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. அதில் வாங்கிக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கல்லிடைக்குறிச்சி அப்பளம், கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய் நான்கும் ஒரே இலையில் இருந்தால், நாள் முழுவதற்கும் ஐந்து கிராம் உப்பு என்ற எல்லையில் பெரும்பகுதி அந்த ஒரு வேளையிலேயே போய்விடும். சொதியை விடச் சொல்ல எனக்கு மனம் வராது. அப்பளத்தை விடலாம்.

சாப்பாட்டைப் பற்றி இவ்வளவுதான். மூளைக்கென்றே வடிவமைத்த 'மைண்ட்' உணவு முறையை 604 பேரிடம் மூன்று ஆண்டுகள் சோதித்த ஆய்வு 2023இல் வந்தது. ஒப்பிட்ட மற்றக் குழுவைவிடக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கீரை, சுண்டல், நிலக்கடலை, தூத்துக்குடி மீன் எல்லாம் இதயத்துக்கு நல்லவை, அந்த வழியில் மூளைக்கும் நல்லவை. தனியாக மாயம் செய்யும் பண்டம் எதுவும் இல்லை.

நடை பற்றிய ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பிரிட்டனில் சுமார் 78,000 பேரைப் பின்தொடர்ந்து 2022இல் வெளியானது. நாளுக்கு 9,800 அடி வைத்தவர்களிடம் மறதி நோய் பாதியாக இருந்தது. 3,800 அடி வைத்தவர்களிடமே கால் பங்கு குறைவாக இருந்தது. நடந்ததால்தான் குறைந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது, ஆனாலும் வ.உ.சி. மைதானத்துக்கு விடியற்காலையில் போக முடியாதவர்களுக்கு அந்த இரண்டாவது எண் ஆறுதல். மேலப்பாளையம், முக்கூடல் பக்கத்துப் பெண்களை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். பீடித் தட்டை மடியில் வைத்தால் எழுந்திருப்பது சாப்பிடத்தான். விரல்கள் பறக்கும், பேச்சும் ஓயாது, உடம்பு மட்டும் அசைவதே இல்லை. இடுப்பு வலி மாத்திரைக்கு என்னிடம் வரும்போது, மணிக்கு ஒருமுறை எழுந்து தெருமுனைவரை நடந்துவிட்டு வரச் சொல்வேன். கூலி எண்ணிக்கைக் கணக்கு என்பதால் எத்தனை பேர் செய்வார்கள் என்பது வேறு கதை.

ஹெல்மெட்டைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு ஈரடுக்கு மேம்பாலத்தில் பறப்பவர்கள், தலைக்காயமும் அந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனிக்கவும். புகை, மது பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மூளைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்றதும் எல்லாரும் குறுக்கெழுத்துக்கு ஓடுகிறார்கள். கெடுதல் இல்லை. எனக்கு அதைவிடப் பிடித்தது ஹைதராபாத்தில் 648 மறதி நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு, 2013இல் வெளிவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது. இந்த வயதில் நீங்கள் மலையாளம் கற்றுக்கொண்டால் அதே நாலரை ஆண்டு கிடைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. திருவனந்தபுரம் போகும்போது பயன்படும், அவ்வளவு நிச்சயம். தனிமைதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. மகாராஜநகர், தியாகராஜநகர் வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, இரண்டு பேர் மட்டும் டிவிக்கு முன் உட்கார்ந்திருக்கிறார்கள். மாத்திரை வாங்க வந்தவர்கள் அரைமணி நேரம் நின்று பேசுவது மாத்திரைக்காக அல்ல என்று எனக்குத் தெரியும்.

கடைசியாக அம்மா. வல்லாரையைத் துவையலாக அரைத்துக் கொடுங்கள், பிரியமாகச் சாப்பிட்டால் நல்லது. அது நோயைத் திருப்பாது. கேப்சூலாக வாங்குவதானால் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். பி12 சத்துக் குறைவும் தைராய்டு குறைவும் மறதியைக் கூட்டிக் காட்டும், இரண்டையும் சரிசெய்ய முடியும். சர்க்கரைக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு உண்டு. இந்த இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள். தூக்க மாத்திரைகளும், தூக்கம் வரவழைக்கும் பழைய சளி மாத்திரைகளும் முதியவர்களைக் குழப்பத்தில் தள்ளும். ஆகவே அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, சீட்டு இல்லாமல் என்னைப் போன்றவர்களிடம் வாங்கியது உட்பட, வீட்டில் அம்மா விழுங்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசையில் கொட்டிக் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். எதை நிறுத்தலாம், எதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதை அவர் சொல்வார்.