தன் கையால் உண்ணப் பழகும் குழந்தை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் மகனுக்கு இன்னும் சில நாள்களில் 6 மாதம் நிறைகிறது. கூழாக மசித்துக் கரண்டியால் ஊட்டுவதற்குப் பதிலாக, மென்மையான துண்டுகளைக் கையில் கொடுத்து அவனாகவே சாப்பிடப் பழக்கலாம் என்று நானும் என் கணவரும் நினைக்கிறோம். 6 மாதம் ஆனவுடனே தொடங்கிவிடலாமா?

பதில்: மாதக் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்; உங்கள் மகனின் உடலையும் பாருங்கள். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு இணை உணவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆனால் தானாகச் சாப்பிடுவதற்கு வயதோடு வேறு சில தகுதிகளும் வேண்டும். தலை ஆடாமல் நிற்கவேண்டும். சிறிதளவு தாங்கலோடு நிமிர்ந்து உட்காரவேண்டும். எதிரில் இருக்கும் பொருளைக் குறிபார்த்து எடுத்து வாய்க்குக் கொண்டுபோகவேண்டும். வாயில் வைத்ததையெல்லாம் நாக்கு வெளியே தள்ளிவிடும் பழக்கம் மறைந்திருக்கவேண்டும். இவை ஒன்றாகக் கூடிவரும்வரை ஓரிரு வாரம் பொறுத்திருப்பதில் தவறில்லை.

பொறுத்திருப்பது என்றால் மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது அல்ல. 9 மாதம் கடந்தும் வழுவழுப்பான கூழை மட்டுமே உண்ட குழந்தைகள் சிலர், பின்னாளில் கட்டியான உணவை மறுப்பதும் தேர்ந்தெடுத்தே உண்பதும் கண்டறியப்பட்டுள்ளது. மெல்லுவது பழகிப் பழகியே வரும் திறன்.

தொடங்கும் நாளில் மகன் கடும் பசியிலோ தூக்கக் கலக்கத்திலோ இருக்கவேண்டாம். பால் குடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, நீங்கள் சாப்பிடும் வேளையிலேயே அவனையும் உட்காரவையுங்கள். முதுகு நேராக இருக்கவேண்டும். கால் ஊன்றிக்கொள்ள இடம் இருந்தால் இன்னும் நல்லது. சாய்ந்த இருக்கையிலும், ஓடும் வண்டியிலும், படுத்த நிலையிலும் எதையும் கொடுக்கக் கூடாது. இந்த முறையைப் பரவலாக்கிய பிரிட்டன் செவிலியர் கில் ராப்லி முதலாக எல்லாரும் வலியுறுத்தும் ஒரு விதி உண்டு: உணவைக் குழந்தையின் வாய்க்குள் வைப்பது குழந்தையின் கையாகவே இருக்கவேண்டும். "பாவம், எடுக்கத் தெரியவில்லையே" என்று அருகிலிருப்பவர் ஒரு துண்டை எடுத்து வாயில் திணிப்பது, அன்பினால் செய்தாலும், ஆபத்தான உதவி.

கேள்வி: 7 மாத மகளுக்கு வேகவைத்த காய்த்துண்டு கொடுத்தேன். கண்ணில் நீர் வர, முகம் சிவந்து ஓங்கரித்தாள். பயந்துபோய் அன்றோடு நிறுத்திவிட்டேன். தொண்டையில் அடைத்துக்கொள்ளும் அபாயம் இந்த முறையில் அதிகம்தானே?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் பார்த்தது அடைப்பு அல்ல. அடைப்பு வராமல் தடுக்கும் காவல். பெரியவர்களுக்கு நாக்கின் பின்பகுதியில் எதுவும் பட்டால்தான் குமட்டும். இந்த வயதுக் குழந்தைக்கு அந்த அனிச்சைச் செயல் நாக்கில் இன்னும் முன்னாலேயே தூண்டப்படுகிறது. அதனால், துண்டு மூச்சுக்குழாயை நெருங்குவதற்கு வெகு முன்னதாகவே வாய் அதை முன்னே தள்ளிவிடுகிறது. ஓங்கரிக்கும் குழந்தை இருமும், சத்தம் எழுப்பும், முகம் சிவக்கும். சில நொடிகளில் தானே சமாளித்துக்கொண்டு, பல சமயம் அதே துண்டை மறுபடியும் கடிக்கும். அந்த நேரத்தில் நீங்கள் செய்யவேண்டியது, பதற்றத்தை முகத்தில் காட்டாமல் கூர்ந்து கவனிப்பது. விரலை வாய்க்குள் விட்டுத் துழாவினால் துண்டு உள்ளே தள்ளப்பட்டு உண்மையான அடைப்பாக மாறலாம்.

அடைப்பின் அடையாளம் வேறு. அழுகையோ இருமலோ பலமாக வராது, அல்லது சத்தமே இராது, மூச்சிழுக்கத் தவிக்கும், உதடு நீலம் பாயும். சத்தமில்லாமல் நடப்பதால்தான், சாப்பிடும் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது என்று இத்தனை அழுத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. குழந்தை பலமாக இருமும்வரை இருமவிடுங்கள். இருமல் ஓய்ந்து மூச்சும் வராவிட்டால், தலை தாழ இருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை தட்டவேண்டும். வெளியே வராவிட்டால் மல்லாத்தி மார்பின் நடுவில் 5 முறை அழுத்தவேண்டும். அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாறிமாறிச் செய்யவேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயிற்றை அழுத்தும் முறை கூடாது. உடனிருப்பவர் அவசர உதவியை அழைக்கவேண்டும். குழந்தை நினைவிழந்தால் உயிர்மீட்பு முதலுதவியைத் தொடங்கவேண்டும். இதை எழுத்தில் படித்தால் போதாது. குழந்தைக்கு எந்த முறையில் உணவு கொடுப்பவராயினும், பயிற்சி பெற்ற ஒருவரிடம் நேரில் செய்து பழகிக்கொள்ளுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

அபாயம் அதிகமா என்பதற்கு நியூசிலாந்தில் செய்த ஓர் ஆய்வு விடை தருகிறது. 206 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவின் பெற்றோருக்குப் பாதுகாப்பான துண்டுகள் பற்றிக் கற்பித்து, குழந்தைகளைத் தாமாக உண்ணவிட்டார்கள். மறு பிரிவு வழக்கமான முறையில் தொடர்ந்தது. 2016ஆம் ஆண்டில் வெளியான முடிவுகளின்படி, அடைத்துக்கொண்ட நிகழ்வுகளில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தாமாக உண்டவர்கள் 6 மாதத்தில் அதிகமாக ஓங்கரித்தார்கள். 8 மாதத்திலோ மற்றவர்களைவிடக் குறைவாகவே ஓங்கரித்தார்கள். அதே ஆய்வில் கவலை தரும் செய்தியும் உண்டு: அடைக்கக்கூடிய உணவை இரு பிரிவுப் பெற்றோரும் பரவலாகக் கொடுத்திருந்தார்கள். ஆகவே, யார் கையால் ஊட்டுவது என்பதைவிட, எதை, எந்தப் பதத்தில் கொடுக்கிறோம் என்பதே பெரிய கேள்வி. உங்கள் மகளுக்கு மறுபடியும் தொடங்கலாம்.

கேள்வி: துண்டுகளை எந்த அளவில் நறுக்குவது? சிறிதாக இருந்தால்தானே விழுங்க எளிது?

பதில்: தொடக்கத்தில் பெரிதாக இருப்பதே நல்லது. ஒரு 6 மாதக் குழந்தை வேகவைத்த கேரட்டைப் பிடிப்பதை அருகிலிருந்து கவனியுங்கள். ஐந்து விரல்களும் உள்ளங்கையோடு மூடிக்கொள்ளும். முஷ்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை மட்டும் ஈறால் நசுக்கிச் சுவைக்கும். உள்ளே சிக்கியிருக்கும் மீதியை எடுக்கக் கையைத் திறக்கவேண்டும் என்று அதற்குத் தெரியாது. எனவே பெரியவரின் விரல் நீளமும் பருமனும் உள்ள துண்டே பொருத்தம். கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்த்துப் பொறுக்கும் திறன் ஏறக்குறைய 9 மாதத்தில் வரும். அப்போது சிறு துண்டுகளுக்கு மாறலாம்.

பதத்தைச் சோதிக்க உங்கள் இரண்டு விரலே போதும்: இலேசாக அழுத்தினால் நசுங்கவேண்டும். வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பூசணி, பீன்ஸ், நன்கு கனிந்த பழங்கள் எல்லாம் இதில் தேறும். வாழைப்பழத்தை உரித்து நுனியில் விரலால் மெல்ல அழுத்தினால் நீளவாக்கில் மூன்றாகப் பிரியும், கத்தி வேண்டாம். வழுக்கினால் பொடித்த ஓட்ஸில் புரட்டிக் கொடுங்கள். வேகவைக்காத ஆப்பிள் துண்டும் கேரட் துண்டும் கூடவே கூடாது; ஆப்பிளை வேகவைத்தோ துருவியோ கொடுக்கலாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டவேண்டும். முழுக் கொட்டைகள், பாப்கார்ன், கடின மிட்டாய், வட்டமாக நறுக்கிய சாசேஜ் ஆகியவற்றைக் குழந்தையின் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு வயது வரை தேன் அறவே கூடாது. அதிலிருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகளால் போட்டுலிசம் என்ற கடும் நோய் வரலாம். உப்பும் சர்க்கரையும் சேர்க்கவேண்டாம். வீட்டாருக்குச் சமைக்கும்போது குழந்தையின் பங்கை உப்புப் போடும் முன்பே எடுத்துவைத்துவிடலாம்.

கேள்வி: என் பேத்திக்கு 7 மாதம். பல்லே முளைக்கவில்லை. மருமகள் அவள் முன்னால் உணவை வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறாள். பாதி தரையில்தான் விழுகிறது. குழந்தைக்கு வயிறு எப்படி நிறையும்? நான் ஊட்டப் போனால் வேண்டாம் என்கிறாள்.

பதில்: அம்மா, பேத்தியின் வயிறு வாடக் கூடாது என்ற உங்கள் தவிப்பு புரிகிறது. முதலில் பல்லைப் பற்றிய கவலையை விடுங்கள். மெல்லும் வேலைக்கான கடைவாய்ப்பற்கள் ஒரு வயதுக்குப் பிறகே முளைக்கின்றன. அதுவரை மென்மையான உணவை ஈறே நசுக்கிவிடும். அடுத்தது அளவு. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு 6 முதல் 8 மாதம் வரை இணை உணவிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி போதும்; மீதியைப் பால் தருகிறது. 9 முதல் 11 மாதத்தில் அது சுமார் 300 ஆகிறது. ஆகவே இப்போது கீழே சிந்துவதைக் கண்டு மனம் நோகவேண்டாம். பிடித்துப் பார்ப்பதும் பிசைவதும் முகர்வதும் தூக்கிப் போடுவதும் அவள் உணவோடு பழகும் வழி. போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், அந்த வேளைக்கு அவள் சொல்லே முடிவாக இருக்கட்டும்.

அதற்காக ஊட்டுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு முறையையும் கலந்துகொள்வதில் ஒரு கெடுதலும் இல்லை. கெட்டியாக மசித்த பருப்பையோ சோற்றையோ ஒரு சிறு கரண்டியில் எடுத்து அவள் கையில் கொடுங்கள். வாய்க்குக் கொண்டுபோவதை அவளிடம் விட்டுவிடுங்கள். உங்களுக்கும் பங்கு கிடைக்கும், மருமகளின் எண்ணமும் கெடாது. மருமகளும் ஒன்றை மறக்கக் கூடாது: எடை சரியாக ஏறவில்லை என்றாலோ, குழந்தை நோயிலிருந்து மீண்டுவரும் நிலையில் இருந்தாலோ, கொள்கையைப் பிடித்துக்கொண்டிருக்காமல் கூடுதலாக ஊட்டவும் மருத்துவரைப் பார்க்கவும் தயங்கக் கூடாது.

கேள்வி: தானாகச் சாப்பிடும் குழந்தைக்கு இரும்புச்சத்து குறையும் என்கிறார்களே?

பதில்: குறைய வாய்ப்பு உண்டு, காரணம் முறையல்ல, தட்டு. பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்பு 6 மாத வாக்கில் தீரத் தொடங்கும். தாய்ப்பாலில் இருப்பதோ மிகக் குறைவு. அந்த நேரத்தில் பிடிக்க எளிது என்று பழமும் காயும் மட்டுமே கொடுத்தால் பற்றாக்குறை வரும். ஒவ்வொரு வேளையும் இரும்பு தரும் ஒன்றாவது தட்டில் இருக்கட்டும்: கொத்திய இறைச்சியை மென்மையாக வேகவைத்துப் பிடித்த உருளை, முள் நீக்கிய மீன், விரல் அகலத்தில் வெட்டிய ஆம்லெட், பருப்பையோ பயறையோ மசித்துத் தட்டிய வடிவம். சைவ உணவோடு வைட்டமின் சி மிகுந்த பழம் ஒன்றைச் சேர்த்தால் இரும்பு நன்கு உட்கிரகிக்கப்படும்.

கேள்வி: முட்டை, வேர்க்கடலை போன்றவற்றை ஒரு வயதுக்குப் பிறகு கொடுப்பதுதானே பாதுகாப்பு?

பதில்: அது பழைய அறிவுரை. லண்டனில் ஒவ்வாமை அபாயம் மிகுந்த 640 குழந்தைகளிடம் நடத்தி 2015ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், வேர்க்கடலையை முதல் வயதிலேயே உண்ணத் தொடங்கியவர்களுக்கு, தவிர்த்தவர்களைவிட அந்த ஒவ்வாமை மிகக் குறைவாகவே வந்தது. முழுக் கடலையும் கெட்டியான விழுதும் அடைத்துக்கொள்ளும். விழுதை நீர்க்கக் கரைத்து மற்ற உணவில் கலந்து கொடுங்கள். இத்தகைய உணவுகளை ஒரே நாளில் இரண்டாகத் தொடங்கவேண்டாம். குழந்தைக்குக் கடுமையான கரப்பான் இருந்தாலோ, முட்டை ஒவ்வாமை ஏற்கெனவே இருந்தாலோ மருத்துவரைக் கேட்ட பிறகே கடலை.

கேள்வி: என் மகன் 2 மாதம் முன்னதாகப் பிறந்தவன். அவனுக்கும் இது பொருந்துமா?

பதில்: எந்தத் தேதியில் பிறந்திருக்கவேண்டுமோ அதிலிருந்து எண்ணும் திருத்திய வயதையும் கணக்கில் கொண்டு, உணவை எப்போது தொடங்குவது என்பதை அவனைப் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு இரும்புச் சேமிப்பு குறைவு. எனவே சொட்டு மருந்தாகவும் தேவைப்படலாம். உட்காரவும் பிடிக்கவும் தாமதமானால் அதுவரை கரண்டி உணவைத் தொடருங்கள். ஊட்டும்போதே அவன் கையிலும் ஒரு கரண்டியைக் கொடுத்துவையுங்கள்.