அயர்லாந்துல அக்டோபர் டிரைவ்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ரூட், கார், ரோடு பத்தி கேளுங்க. ஹோட்டல் வாடகை என்கிட்ட கேக்காதீங்க, அது தினம் மாறுது.

கேள்வி: அண்ணா, கனடா மாதிரி மரமெல்லாம் செக்கச்செவேல்னு இருக்குமா?

இருக்காதுப்பா. மேப்பிள் காடு தேடி வந்தா ஏமாந்துடுவீங்க. இங்க நிறம் மாறுறது மலைதான். பெரணிச் செடி காஞ்சு பழுப்பேறும், சதுப்புல இருக்குற புல்லு ஆரஞ்சாகிடும், மழை விட்டு சட்டுனு வெயில் அடிச்சா அந்தச் சரிவு முழுக்க புளி போட்டுத் தேச்ச செம்பு மாதிரி மின்னும். மரம்தான் வேணும்னா விக்லோ மாவட்டத்துல கிளெண்டலாக், கெர்ரி மாவட்டத்துல கில்லார்னி பக்கம் மக்ரோஸ், ஓக் மரமும் பீச் மரமும் அங்க இருக்கு. அக்டோபர் ரெண்டாவது பாதியில வாங்க. நடுவுல புயல் அடிச்சா மொத்தமும் உதிர்ந்துடும், அதுக்கு யாரும் கேரண்டி தர முடியாது.

கேள்வி: டப்ளின்ல இருந்து ஒரே நாள்ல கெர்ரி போய்ட்டு வரலாமா?

வேணாம். ஒரு வழிக்கே நாலு மணி நேரம். ஒரு நாள்தான் இருக்குன்னா விக்லோ போங்க, சாலி கேப்ங்கிற மலைக் கணவாய் வழியா ஆர்115 ரோடு. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரா நடந்த 1798 கலகத்துக்கு அப்புறம் மலையில பதுங்கினவங்கள பிடிக்க பிரிட்டிஷ் ராணுவம் போட்ட ரோடு அது.

கேள்வி: நாங்க ஏழு பேரு, பெரிய வண்டியா எடுக்கலாமா?

ரெண்டு சின்ன கார் எடுங்க. கிராமத்து ரோட்டுல நடுவுல புல் முளைச்சிருக்கும், ரெண்டு பக்கமும் வேலி. பாக்க வெறும் செடி மாதிரி இருக்கும், உள்ள கல் சுவர் இருக்கு. எதிர்ல டிராக்டர் வந்ததும் பயந்து இடது பக்கம் ஒடிப்பீங்க, டயரும் ரிம்மும் போயிடும். சாதாரண இன்சூரன்ஸ்ல பல இடத்துல டயரும் கண்ணாடியும் சேராது, கையெழுத்து போடும்போதே படிச்சுப் பாருங்க.

கேள்வி: ரிங் ஆஃப் கெர்ரி, அதான் கெர்ரியில கடலோரமா சுத்தி வர்ற ரோடு, எந்தப் பக்கமா சுத்தணும்?

இதுக்குத்தான் கீழ கமெண்ட்ல ரெண்டு பேரு முட்டிக்கிறாங்க. ஒருத்தர், டூர் பஸ் எல்லாம் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாதான் சுத்தும், நாமளும் அப்படியே போனா எதிர்ல பஸ் வராதுங்கிறார். இன்னொருத்தர், அப்படிப் போனா பஸ் பின்னாடியே ஊர்ந்துக்கிட்டு புகை குடிக்கணும்ங்கிறார். நம்ம ஊர் மாதிரி இடது பக்கம் ஓட்டுறதால கடிகாரச் சுத்துல போனா கடல் நம்ம பக்கமே இருக்கும், நிறுத்திப் பாக்க ரோட்டக் குறுக்க வெட்ட வேணாம், அதனால என் ஓட்டு அதுக்குத்தான். “விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டா பஸ்ஸே இல்லையே”ன்னு முதல் ஆள் மறுபடி வர்றார். சார், அக்டோபர் மூணாவது வாரத்துல அங்க விடியவே எட்டு மணி ஆகிடும், கில்லார்னி காட்டுல ஆண் மானெல்லாம் இணை தேடி கத்திக்கிட்டு ரோட்டுல ஓடுற சீசன் அது, இருட்டுல ஓட்டாதீங்க.

ரெண்டு பேருமே சண்டைய விட்டுட்டு பேரா தீபகற்பத்துக்குப் போங்களேன். ஹீலி பாஸ்னு ஒரு ரோடு, 1847 பஞ்சத்துல ஜனங்களுக்கு வேலை கொடுக்கணும்னு வெட்ட ஆரம்பிச்சது. பாம்பு மாதிரி வளைஞ்சு ஏறி கார்க் மாவட்டத்துல இருந்து கெர்ரிக்குள்ள இறங்கும், உச்சியில நின்னா கிளான்மோர் ஏரி கீழ தெரியும். அடையாளத்துக்கு முதுகுல பெயிண்ட் அடிச்ச ஆடு நடு ரோட்டுல படுத்திருக்கும், ஹார்ன் அடிச்சாலும் எந்திரிக்காது. பெரிய கார்ல போனா அதச் சுத்திப் போகவும் முடியாது.

கேள்வி: எஸ்யூவி எடுத்தா மலை ஏற ஈஸியா இருக்கும்ல?

மேல சின்ன கார் பத்தி சொன்னத படிங்க.

கேள்வி: இந்திய லைசென்ஸ் செல்லுமா? பெல்ஃபாஸ்டும் போகலாமா?

டூரிஸ்ட்டா வந்தா செல்லும், இன்டர்நேஷனல் பெர்மிட்டும் கையில வச்சுக்கோங்க, வாடகை கம்பெனி கேக்கலாம். பெல்ஃபாஸ்ட் வட அயர்லாந்துல இருக்கு, அது யுகே-வ (யுனைடெட் கிங்டம்) சேர்ந்தது. ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் ஒண்ணா செல்லுற ஷெங்கன் விசாவ வச்சு ரெண்டுல எந்தப் பக்கமும் போக முடியாது. எல்லையில கேட் எதுவும் இருக்காது, ஸ்பீடு போர்டு மட்டும் கிலோமீட்டர்ல இருந்து மைலுக்கு மாறிடும், அத கவனிங்க.

கேள்வி: டப்ளினச் சுத்தி இருக்குற எம்50 ஹைவே டோல் எங்க கட்டணும்?

பூத் கிடையாது, கேமரா நம்பர் எடுத்துக்கும். மறுநாள் ராத்திரி எட்டுக்குள்ள ஆன்லைன்ல கட்டிடுங்க, வாடகை காரா இருந்தா கம்பெனியே கட்டுதான்னு முதல்ல கேட்டுக்கோங்க.

கேள்வி: ப்ரோ, 9 சீட்டர் வேன் ஓகேவா?

அடுத்த ஆள் கேளுங்கப்பா.