மார்பக இம்பிளான்ட் வைப்பதற்கு முன் எதையெல்லாம் யோசிக்க வேண்டும்?

கேட்டிருப்பவர் 26 வயதுப் பெண். இன்னும் கல்யாணம் ஆகவில்லை, கையில் சேமிப்பு இருக்கிறது, மார்பைப் பெரிதாக்க உள்ளே சிலிக்கான் பை வைத்துக்கொள்ள ஆசை என்கிறார். நான் ஹட்டன் பக்கம். 2013இல் கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலையில் வைத்துக்கொண்டேன். 2021இல் இரண்டையும் எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

தங்கச்சி, முதல் ஒபரேஷனைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் இரண்டாவதைப் பற்றிக் கேளுங்கள். இது ஆயுளுக்கும் இருக்கிற சாமான் இல்லை. வருஷம் போகப் போகக் கிழியவோ இறுகவோ வாய்ப்புக் கூடிக்கொண்டே போகும். 26 வயதில் வைத்தால் பின்னால் ஒரு தடவையாவது திறக்க வேண்டிவரும் என்று வைத்துக்கொண்டே காசுக் கணக்குப் போடுங்கள். அந்த நேரம் உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கலாம், லீவு கிடைக்காமல் போகலாம்.

எனக்கு ஏழாவது வருஷம். ஒருநாள் குளிக்கும்போது சோப்புக் கைக்கு இடது பக்கம் அமுங்கியது, வலது பக்கம் பழுக்காத பேரிக்காய் மாதிரி இருந்தது. உள்ளே வைத்த பொருளைச் சுற்றி உடம்பு ஒரு தழும்புத் தோலைக் கட்டும். எல்லோருக்கும் கட்டும், சிலருக்கு அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். நான் அந்தச் சிலரில் ஒருத்தி. வைத்தியசாலைக்குப் போன் எடுத்தால், செய்த டாக்டர் வெளிநாடு போய்விட்டார், உள்ளே வைத்த பொருளின் விவரம் உள்ள கார்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். அப்படி ஒரு கார்டு எனக்குத் தரவே இல்லை. என் உடம்புக்குள் எந்தக் கம்பனியின் பொருள் இருக்கிறது என்று தெரியாமல் இரண்டு மாதம் தூக்கம் இல்லாமல் கிடந்தேன்.

அந்தக் கார்டு ஏன் முக்கியம் தெரியுமா? பிரான்சின் பி.ஐ.பி. கம்பனி மருத்துவத் தரம் இல்லாத, தொழிற்சாலைச் சிலிக்கானை நிரப்பியது 2010இல் வெளிவந்தது. 2019இல் அலர்கன் கம்பனி சொரசொரப்பான மேற்பரப்புள்ள ஒரு வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அந்த மாதிரி மேற்பரப்போடு அபூர்வமான ஒரு நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தொடர்பு இருந்ததுதான் காரணம். தன்னுடையது அந்த வகைதானா என்று பார்க்கக் கார்டில் உள்ள இலக்கம்தான் வேண்டும். கம்பனி, மாடல், சீரியல் இலக்கம் மூன்றும் உள்ள கார்டை வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள். வழவழப்பா சொரசொரப்பா என்றும் கேளுங்கள்.

உப்புத்தண்ணீர் நிரப்பியது கிழிந்தால் மார்பு சப்பிப்போய் உடனே தெரியும். சிலிக்கான் ஜெல் நிரப்பியது சத்தமில்லாமல் கிழியும். அதனால்தான் வைத்து 5, 6 வருஷத்தில் ஒரு ஸ்கேன், பிறகு 2, 3 வருஷத்துக்கு ஒன்று என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் சொல்கிறது. நம் மலையில் இருந்து எம்.ஆர்.ஐ. எடுக்கக் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும், ஒரு நாள் போய்விடும். சத்திரசிகிச்சை நிபுணர் மருத்துவ சபையில் பதிவானவரா, காய்ச்சலோ வீக்கமோ வந்தால் இரவில் யாரைக் கூப்பிடுவது என்பதையும் முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

பிள்ளை பெறுகிற எண்ணம் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வைத்த பிறகும் நன்றாகப் பால் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வலது பக்கம் சரியாகச் சுரக்கவில்லை. வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ் பிள்ளையின் நிறையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தது இன்னும் மறக்கவில்லை. காம்பில் உணர்ச்சியும் பாதி குறைந்துவிட்டது. வெட்டு எந்த இடத்தில் வரும் என்று கேளுங்கள். காம்பைச் சுற்றி வெட்டினால் பாலுக்கு ஆபத்துக் கூட.

குளிரைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. தை மாதம் காலையில் உடம்பு சூடாகிவிடும், மார்பு மட்டும் குளிர்ந்தே கிடக்கும்.

இத்தனைக்கும் நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது தந்த சந்தோஷம் உண்மை, இன்றும் இருக்கிறது. ஆனால் அளவை மட்டும் அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். 300 மில்லிலீட்டர் என்றால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 300 கிராம். இரண்டாம் தடவைக்கு முன் நான் அரிசியை நிறுத்து இரண்டு பையில் கட்டி, பிராவுக்குள் வைத்துக்கொண்டு ஒரு கிழமை வீட்டு வேலை செய்தேன். ரோட்டில் இருந்து எங்கள் வீட்டுக்கு 90 படி. மூன்றாம் நாள் தோள் வலித்தது. அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் குறைத்தேன். வலி இல்லாமல் படி ஏறிய அளவைத்தான் டாக்டரிடம் சொன்னேன்.