தாத்தா உயில்ல எழுதி வச்ச குடும்ப டிரஸ்ட்ல இருந்து 9 லட்சம் வந்திருக்கு, நான் டாக்ஸ் கட்டணுமா?

நீங்க சொன்னதுல இருந்து எனக்குப் புரிஞ்சது இதுதான்: மார்த்தாண்டத்துல கடை வாடகை, குலசேகரம் பக்கம் ரப்பர், பேங்க்ல எஃப்டி, இது மூணும் டிரஸ்ட் பேர்ல கிடக்கு, அதுல உங்க பங்குன்னு இப்ப அக்கவுண்ட்ல போட்டிருக்காங்க. எங்க குடும்பத்துலயும் இதே மாதிரி ரெண்டு டிரஸ்ட் உண்டு, அதனால தெரிஞ்சதைச் சொல்லுகேன்.

செத்தவங்க சொத்து கைக்கு வருதுங்கிறதுக்காக நம்ம நாட்டுல வரி கிடையாது. எஸ்டேட் டூட்டின்னு ஒண்ணு இருந்துச்சு, அதை 1985லயே எடுத்தாச்சு. அம்பதாயிரத்துக்கு மேல கிஃப்ட் வாங்கினா வரின்னு ஒரு ரூல் இருக்குல்லா, உயில் வழியா வர்றது அதுலயும் வராது. அதனால தாத்தா விட்டுட்டுப் போன முதலுக்குப் பயப்பட வேண்டாம். ஆனா அந்த முதல் வருஷா வருஷம் சம்பாதிக்குதே, வாடகை, வட்டி, அதுக்கு யாராவது ஒருத்தர் வரி கட்டியே ஆகணும். அது டிரஸ்டா நீங்களாங்கிறதுதான் கேள்வி.

அதுக்குப் பதில் உயில்ல ஒரே ஒரு வரியிலதான் இருக்கு. எங்க பாட்டா எழுதினதுல "மக்கள் மூவருக்கும் சமபாகமாய்"னு தெளிவா இருக்கு. பங்கு இவ்வளவுன்னு தெரிஞ்சா அவங்கவங்க பங்குக்கு அவங்கவங்க ஸ்லாப்தான் (வருமானம் கூடக்கூட படிப்படியா ஏறுற வரி ரேட்), டிரஸ்டி கட்டினாலும் அதே கணக்குதான், வாடகை வாடகையாவே வரும், அதுல 30 சதவீதம் கழிவும் உண்டு. அம்மா வீட்டுப் பத்திரத்துல "டிரஸ்டிகள் யுக்தம்போல் பிரித்துக் கொடுக்க வேண்டியது"ன்னு இருக்கு, அதாவது அவங்களுக்குச் சரின்னு பட்டபடி, கேக்க பெருந்தன்மையா இருக்கும், ஆனா பங்கு நிச்சயம் இல்லாத டிரஸ்டுன்னா ஸ்லாப்பே கிடையாது, முதல் ரூபாயில இருந்து 30 சதவீதம், அந்த வரி மேல செஸ்னு 4 சதவீதம், வருமானம் பெருசுன்னா சர்சார்ஜ்னு கூடுதல் வரியும் சேரும். இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, பல பேர் கவனிக்கிறதில்ல: டிரஸ்ட் உயில்லயே ஏற்பட்டது, அந்த ஆள் உயில்ல வச்ச ஒரே டிரஸ்டும் அதுதான்னா, சாதாரண ஸ்லாப் ரேட்தான். உங்க தாத்தா உயில்லதானே எழுதியிருக்காரு, அப்ப இதை ஆடிட்டர்கிட்ட நீங்களே எடுத்துச் சொல்லுங்க. டிரஸ்ட் ஏற்கனவே வரி கட்டின வருமானத்துக்கு உங்ககிட்ட மறுபடி கேக்க முடியாது, ஆனா அதைக் காட்ட டிரஸ்ட் ஃபைல் பண்ணின ரிட்டர்ன் காப்பி உங்க கையில இருக்கணும்.

ரப்பர் தனிக்கதை. பால் வெட்டி ஷீட் அடிச்சு வித்தா அது விவசாய வருமானம், வரி இல்ல, ஆனா 5,000க்கு மேல போனா மத்த வருமானத்துக்கு ரேட் பாக்கும்போது இதையும் கூட்டிப் பாப்பாங்க. கிரேப், பிளாக் (கட்டி) ரப்பர்னு பதப்படுத்தி வித்தா அதுல 35 சதவீதம் பிசினஸ் வருமானம்.

தோட்டத்தை விக்கலாம்னு யோசனை இருந்தா கொஞ்சம் நில்லுங்க. கிராமத்து விவசாய நிலத்துக்கு கேப்பிட்டல் கெயின் (வித்த லாபத்துக்கான வரி) கிடையாதுன்னு புரோக்கர் சொல்லுவாரு, சரிதான், ஆனா நம்ம கன்னியாகுமரி ஜில்லால எங்க பாத்தாலும் பேரூராட்சிதான், ஜனத்தொகை 10,000 தாண்டின பேரூராட்சி எல்லைக்குள்ள நிலம் இருந்தா டிபார்ட்மென்ட் அதைக் கிராமம்னு ஒத்துக்கிடாம இருக்க வாய்ப்பு உண்டு. நாகர்கோவில், குழித்துறை மாதிரி ஊருக்குப் பக்கத்துல உள்ளதுக்கு, எல்லையில இருந்து இத்தனை கிலோமீட்டருக்குள்ள இருந்தா கிராமம் இல்லன்னு ஒரு கணக்கும் இருக்கு. வரி வரும்னா 12.5 சதவீதம், தாத்தா வாங்கின வருஷத்துல இருந்தே கணக்கு, 2001க்கு முந்தின சொத்துன்னா வாங்கின விலைக்குப் பதிலா 2001 ஏப்ரல் 1 மதிப்பை எடுக்கலாம், அன்னைக்குள்ள கைடுலைன் (அரசு வழிகாட்டி) மதிப்புக்கு மேல காட்ட முடியாது. இண்டெக்ஸேஷனோட (வாங்கின விலையை விலைவாசிக்குத் தக்கபடி கூட்டிக்கிடுறது) 20 சதவீதம்ங்கிற சலுகை இங்க குடியிருக்கிற தனிநபருக்கும் இந்து கூட்டுக் குடும்பத்துக்கும்தான், அதுவும் 2024 ஜூலை 23க்கு முன்ன வாங்கின நிலம், கட்டடத்துக்கு மட்டும். அதனால டிரஸ்ட் பேர்ல விக்கதா, பிரிச்சு எழுதிட்டு விக்கதான்னு முதல்லயே கணக்குப் போட்டுப் பாத்துக்கிடுங்க.

இன்னொண்ணு, 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம், செக்ஷன் நம்பரெல்லாம் மாறுது. பழைய பதில்கள்ல பழைய சட்டத்து டிரஸ்ட் செக்ஷன் 164ன்னு பாத்துட்டுப் போய் ஆடிட்டர்கிட்ட சண்டை போடாதீங்க.